பேர் எழுதின கப்பு

செல்வம்,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை தானாகப் போயிற்று. எழுதிவிட்டு அடித்துவிட்டேன், மேலே கறுப்பாக ஒரு கோடு தெரிகிறதே, அது அதுதான். முழங்கால் வலியைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் நலம் என்று எழுதினால் பேச்சுத்துணை இருக்கிறது, வாசலில் யாராவது வந்து போகிறார்கள் என்றெல்லாம் நீ நினைத்துக்கொள்வாய். பெற்ற பிள்ளைக்குப் பொய் எழுத வேண்டாம் என்று தோன்றியது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் நம் வீட்டைத் தாண்டிப் போகிறவர். அன்று சைக்கிளை நிறுத்தியதும் எதிர்வீட்டுக்காரி தலையை நீட்டி, "யாரு போட்டது?" என்றாள். "என் மகன்தான், வேற யாரு போடுவாங்க எனக்கு?" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். திட்டக்குடி தாண்டி நம் மங்களூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் முதியோர் கல்வி மையம் உன் பொறுப்புக்கு வந்ததையும், பகலில் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதையும், அடுத்த தேர்தலில் நீதான் நிற்க வேண்டும் என்று அவர்கள் இப்போதே உன்னைப் பிடித்துக்கொண்டிருப்பதையும் படித்தேன். ஒரு தடவை உட்கார்ந்து, ஒரு தடவை நின்றுகொண்டு, ஒரு தடவை அடுப்பில் பால் பொங்கி வழிய விட்டுவிட்டு. அப்புறம்தான் உள்ளே மடித்து வைத்திருந்த இன்னொரு தாளைப் பிரித்தேன். இருபத்திரண்டு பெயர்கள். "அம்மா, நீ உன் முதியோர் கிளாசில் செய்த மாதிரியே ஒவ்வொருவர் பேரும் போட்டு ஒரு கப்பு செய்து அனுப்பு. மையத்தில் சாயங்காலம் டீ கொடுக்கிறோம். அவரவர் பேர் எழுதின கப்பில் குடித்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள்!"

சந்தோஷப்படுவார்கள் செல்வம். அதுதான் எனக்குப் பயம்.

அந்தத் தாளை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அரிசி எடுக்க வேண்டியிருந்தது, போனேன். ஒவ்வொரு தடவையும் தாளின் ஓரம் கண்ணில் பட்டது. நீ கேட்டது உன் குற்றமில்லை. அந்தக் கப்புகளைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் நல்ல பாதி. லீவுக்கு வந்தபோது பார்த்தாய், நீல எழுத்தைத் தடவிப் பார்த்தாய், பள்ளிக்கூடத்தில் போய்ப் பெருமையாகச் சொன்னாய். மிச்சப் பாதி நடந்தபோது உன்னைக் கடலூர் விடுதியில் விட்டிருந்தேன். கூட்டம், மனு, கிளாஸ் என்று நான் ஊருக்கெல்லாம் அம்மாவாக இருந்த வருஷங்கள் அவை. உன் அப்பா ஜங்ஷனில் டூட்டி முடிந்து வந்து, தானே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைப்பார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம் மனுஷன்.

நான் பீங்கான் பட்டறையில் கப்புக்குப் பூப்போடுகிறவள். இன்றைக்கும் அதேதான் செய்கிறேன், கண்ணாடி மட்டும் கூடியிருக்கிறது. முதல் சூடு வாங்கி வந்த கப்பில் மெல்லிய தூரிகையால் நாலு இதழும் ஒரு காம்பும் இழுப்பேன். அந்தச் சாயம் தீட்டும்போது அழுக்குக் கறுப்பாக இருக்கும். பளபளப்புப் பூச்சு ஏற்றிச் சூளைக்குப் போய் வந்தால் நீலமாகிவிடும். எட்டாவது வரை படித்தவள் என்பதால் பட்டறையில் எனக்கு ஒரு மரியாதை. நாற்காலி உண்டு. மண் பிசைகிற கொட்டகையில் வேலை செய்த காலனிப் பெண்களுக்குத் தரைதான். அங்கேதான் அஞ்சலை இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள், வாய்த்துடுக்கு, பிசைகிற மண்ணோடும் பேசிக்கொண்டே இருப்பாள்.

வருகைப் புத்தகத்தில் அவர்கள் கைநாட்டு வைக்க வேண்டும். மண் பிசைந்து பிசைந்து அஞ்சலையின் கட்டைவிரலில் ரேகையே இல்லாமல் போயிருந்தது. மையைத் தொட்டு வைத்தால் வெறும் கறுப்பு வட்டம்தான் விழும். "ரேகை விழலியே, கழுவிட்டு வா" என்று கிளார்க்கு மூன்று தடவை துரத்தினார். மூன்றாவது தடவை அவள் நேரே என் மேஜைக்கு வந்தாள். "ஏம்மா, வெரலு தேஞ்சிப்போச்சி. எனுக்குப் பேரு எழுத சொல்லித் தரீங்களா?" என்றாள். என் முதியோர் கல்வி அப்படித்தான் ஆரம்பித்தது. நான் பெரிய லட்சியத்தோடு தொடங்கினேன் என்று பிற்பாடு மேடையில் பேசியதெல்லாம் சும்மா.

சாயங்காலம் சங்கு ஊதியதும், ஈரக் கப்புகளைப் பலகையில் காய வைக்கிற கொட்டகையில் அரைமணி, முக்கால் மணி. முதலில் அஞ்சலை மட்டும். அப்புறம் அவளுடைய தெருவிலிருந்து ஒவ்வொருவராக வந்து பதினெட்டுப் பேர். எல்லோரும் என்னை "அம்மா" என்றார்கள். "அக்கான்னு கூப்பிடுங்க" என்றேன். மற்றவர்கள் உடனே மாற்றிக்கொண்டார்கள். அஞ்சலைக்கு ஆறு மாதம் ஆயிற்று. ஒருநாள் தன் பெயரைப் பிழையில்லாமல் எழுதி முடித்து, சிலேட்டைத் தூக்கிக் காட்டி, "யக்கா, பாரு!" என்று கத்தினாள். கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கு அன்று இருந்த சந்தோஷம், உன்னைப் பெற்றபோதுகூட இருந்ததா என்று தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாதே, உண்மையைத்தானே எழுதுகிறேன்.

பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோது நிற்கச் சொன்னவர்களும் அவர்கள்தான். எழுதப் பழகியவர்கள் சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டு என் பெயரைச் சுவர் சுவராக எழுத ஆசைப்பட்டார்கள். என் பெயரில் கஷ்டமான எழுத்து இருக்கிறது என்று சொல்லிச் சின்னத்தை மட்டும் வரையச் சொன்னேன். ஜெயித்தேன். முதல் கூட்டத்தில் எல்லோருக்கும் நாற்காலி, காலனியிலிருந்து வந்த மெம்பருக்கு மட்டும் மூலையில் ஒரு ஸ்டூல். நான் என் நாற்காலியைத் தள்ளிவிட்டு இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த கூட்டத்தில் எல்லாமே நாற்காலி. ஊரெல்லாம் அதுவே பேச்சு. அந்த ஸ்டூலில் உட்கார்ந்த அரைமணி நேரத்தை வைத்து நான் ஐந்து வருஷம் ஓட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது.

பட்டறைக்கு எதிரில் பெருமாள் என்று ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். உள்ளே பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். காலனி ஆட்களுக்கு வெளியே நசுங்கிய அலுமினிய டம்ளர், குடித்துவிட்டு அவர்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். மெம்பரான மறுவாரம் நான் அங்கே போய் நின்றேன். வாய் என்னுடையது உனக்குத் தெரியுமே. கடைக்கு முன்னால் கூட்டம் கூடுகிற அளவுக்குப் பேசினேன். "சரிங்க மெம்பரம்மா, எடுத்துடறங்க. எல்லாருக்கும் கிளாசுலயே குடுக்குறங்க" என்று அந்த டம்ளர்களைக் கொத்தாக அள்ளி உள்ளே போட்டார். அப்படியே கொடுக்கவும் செய்தார். இரண்டு மாதம்.

அந்த இரண்டு மாதம் முடிகிற நேரத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. சிலேட்டில் எழுதினால் அழிந்துவிடுகிறது என்று அவர்களுக்கு ஒரு குறை. விளிம்பு கோணிய கப்புகளைப் பட்டறையில் கழித்துவிடுவார்கள். மேஸ்திரியைக் கேட்டுப் பத்தொன்பது வாங்கினேன். ஆளுக்கு ஒன்று கொடுத்து, என் தூரிகையையே கொடுத்து, அவரவர் பெயரை அவரவர் கையால் எழுதச் சொன்னேன். கறுப்பாக எழுதியது சூளையிலிருந்து நீலமாக வந்தபோது ஒரே அமளி. ஒருத்தி எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, "அழியலயே, அழியவே அழியாதா?" என்று கேட்டாள். அழியாது என்றேன். மிஞ்சியிருந்த பத்தொன்பதாவது கப்பை அஞ்சலை கேட்டு வாங்கி, அதிலும் தன் பெயரையே எழுதி வைத்திருந்தாள். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "இது ஒங்க வூட்டுல இருக்கட்டும்க்கா. எம் பேரு ஒங்க வூட்டுல இருக்கட்டும்" என்றாள்.

தங்கள் கப்புகளை அவர்கள் டீக்கடைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். ஆசைதான், வேறென்ன. எழுதத் தெரிந்ததை நாலு பேர் பார்க்க வேண்டாமா? பெருமாள் பார்த்தார். "அடடே, சொந்தமாப் பேரு போட்ட கப்பே இருக்குது! இனிமே இந்த ஓட்டக் கிளாசு ஒங்களுக்கு எதுக்கு? இதுலயே ஊத்திடறன்" என்றார். தினமும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்று கடைக்கு வெளியே, முன்பு அலுமினிய டம்ளர் இருந்த அதே இடத்தில், வரிசையாகப் பதினெட்டு ஆணி அடித்துக் கொடுத்தார். கப்புகள் அதில் தொங்கின. குடித்துவிட்டு அவரவர் கப்பை அவரவர் கழுவி மாட்டினார்கள்.

நான் அதை எதிர்ப்பக்கத்திலிருந்து தினமும் பார்த்தேன் செல்வம். பார்த்துப் பூரித்துப் போனேன். கைநாட்டு வைத்தவர்களின் பெயர்கள் கடைவீதியில் தொங்குகின்றன என்று பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன். மேஜையைத் தட்டினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் எனக்கு உறைக்கவே இல்லை. அலுமினியத்தில் பேர் கிடையாது. யாருடையது என்று எழுதி இருக்காது. பெருமாளுக்குத் தெரியாத அந்த ஒரு வேலையை நான் செய்து கொடுத்திருக்கிறேன், அதுவும் அழியாத சாயத்தில்.

கடையை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். பெருமாளைக் குற்றம் சொல்வது எனக்குச் சுலபம். வீட்டைச் சொல்கிறேன். அஞ்சலை ஞாயிற்றுக்கிழமை தோறும் என்னோடு உட்கார்ந்து பேப்பர் படிக்க வருவாள். முன்பெல்லாம் நம் எவர்சில்வர் டம்ளரில்தான் காபி கொடுப்பேன். எதிர்வீட்டில் அதற்கு ஒரு பேச்சு இருந்தது, உன் பெரியப்பா வந்தபோது தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார், நான் அசையவில்லை. அஞ்சலை அந்தக் கப்பைக் கொண்டுவந்த பிறகு அதில் கொடுக்க ஆரம்பித்தேன். அவள் பேர் போட்டது, அவளுக்குப் பெருமை என்று நினைத்தேன். அதை அலமாரியில் வைக்காமல் சமையலறை ஜன்னல் மேல் வைத்தேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால், உடைந்துவிடக் கூடாதே என்று சொல்லியிருப்பேன். இப்போது சொல்கிறேன்: எதிர்வீட்டின் வாய் அடைந்தது, உன் பெரியப்பா மறுபடி சாப்பிட வந்தார், எனக்கும் மனசின் ஒரு மூலையில் அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவைத்தான் நான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை காபியைக் குடித்துவிட்டு எழுந்தாள். கப்பைத் தானே கழுவினாள். கடையில் பழகிய பழக்கம். ஜன்னல் மேல் வைத்தவள் திரும்பி அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யக்கா, ஒண்ணு கேக்குறன். ஒங்க வூட்டு டம்ளருல ஒண்ணுலயும் பேரே எழுதலியே. அது எப்பிடி மாறிப்போவாம இருக்குது?"

நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "வீட்டு ஆளுங்கதானே அஞ்சலை, மாறினா என்ன? யாரு எதுல குடிச்சா என்ன?" என்றேன்.

சொல்லி முடித்தபோதுதான் சொன்னது என் காதில் விழுந்தது. "அதாங்க்கா. இந்தப் பேரு எதுக்குன்னு இன்னிக்கிதான் படிச்சன்" என்றாள்.

அந்த நிமிஷத்தில் நான் எழுந்து அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கப்பை எடுத்து நான் குடித்திருக்க வேண்டும். எதையாவது செய்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. என் கோபம்தான் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்குமே. "என்னடி பேசற? நீயா கொண்டாந்து குடுத்த கப்புதானே! உனக்கு எழுத்து சொல்லிக் குடுத்ததே நான்தான், தெரிஞ்சுக்கோ" என்றேன். அடி என்று அவளை அதுவரை நான் கூப்பிட்டதில்லை. அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "தெரியுங்கம்மா" என்றாள். அக்கா போய் அம்மா வந்துவிட்டது. வாசலில் செருப்பை மாட்டும்போது, "போறன்" என்றாள். எப்போதும் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள்.

மறுநாள் ஆணிகள் காலியாக இருந்தன. பதினேழு கப்புகளை உடைத்துச் சூளைக்குப் பின்னால் கொட்டியிருந்தார்கள். மதியம் போய்ப் பார்த்தேன். ஒரு துண்டில் 'மு', ஒரு துண்டில் 'ணி', நீலமாக. கடையில் தொங்கிய தன் கப்பை மட்டும் அஞ்சலை அங்கே போடவில்லை, என்ன செய்தாளோ தெரியாது. அன்றிலிருந்து காலை டீ நேரத்தில் பதினெட்டுப் பேரும் பெருமாள் கடை எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தார்கள். கோஷம் இல்லை, சத்தம் இல்லை. கிளாசில் கொடுக்கும்வரை குடிக்க மாட்டோம், வேறு யாரையும் தடுக்கவும் மாட்டோம் என்று ஓர் அட்டையில் எழுதி நடுவில் வைத்திருந்தார்கள். அஞ்சலையின் கையெழுத்து. அதில் ஒரு பிழைகூட இல்லை. பதினோரு நாள். என்னை யாரும் கூப்பிடவில்லை. மெம்பர் நான், வாத்தியாரம்மா நான். ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து பூப்போட்டுக்கொண்டிருந்தேன். கூப்பிட்டால் போகலாம் என்று காத்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் பெருமாள் கண்ணாடி கிளாஸை எடுத்து வைத்தார். உள்ளே பெஞ்சில் போய் உட்கார்ந்து குடித்தார்கள். அந்தப் பெஞ்சிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் என் ஜன்னல் தெரியும். யாரும் நிமிரவில்லை.

சங்கு ஊதியபிறகு கொட்டகைக்குப் போய் உட்காருவேன். யாரும் வர மாட்டார்கள். ஒரு மாதம் அப்படிப் போய் வந்துவிட்டு சிலேட்டுகளைக் கட்டி மேஸ்திரியிடம் கொடுத்தேன். அடுத்த தேர்தலில் தோற்றேன். அந்தத் தெருவில் எனக்கு ஓட்டு விழவில்லை என்று சொன்னார்கள். அன்று நீ லீவில் வீட்டில் இருந்தாய். "நன்றி கெட்ட ஜனம்" என்று உன் எதிரில் சொன்னேன், நீயும் ஆமாம் என்று தலையாட்டினாய். அந்தத் தலையாட்டலை நீ திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவும்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அப்புறம் உன் அப்பா போய்ச் சேர்ந்தார். நீ வேலை தேடிப் போனாய், கிடைத்தபிறகு போன இடத்திலேயே இருந்துவிட்டாய். இங்கிருந்து திட்டக்குடி பஸ்ஸைப் பிடித்தால் எட்டிவிடுகிற தூரம்தான், ஆனாலும் தீபாவளிக்கு வந்தவன் பொங்கலுக்கு வரவில்லை. குறை சொல்லவில்லை, உன்னை விடுதியில் விட்டுவிட்டு, வருகிறேன் என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வராமலிருந்ததை எண்ணிப் பார்த்தால் எனக்குப் பேச வாயில்லை. வீட்டில் இப்போது புழங்குவது இரண்டே பாத்திரம். காபி குடிப்பது அந்த 'அஞ்சலை' கப்பில். இரண்டு வருஷமாக. ஆரம்பத்தில் அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது, பாரேன் என்று. யார் பார்க்க? பார்க்க ஆளில்லாத வீட்டில் சமத்துவம் ரொம்பச் சுலபமடா.

உன் பட்டியலை எடுத்துக்கொண்டு நேற்று அஞ்சலை வீட்டுக்குப் போனேன். இரண்டு பேரும் ஒரே பட்டறையில்தான் இருக்கிறோம். அவள் இப்போது மண் கொட்டகைக்கு மேஸ்திரி. ஒன்பது வருஷமாக எதிரெதிரே வந்தால் அவள் ஒதுங்கிப் போவாள், நான் வளையலைச் சரிசெய்வேன். அந்தத் தெருவுக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஓட்டுக் கேட்க, குழாய் போட, விளக்குப் போட. ஒரு வீட்டுக்குள்ளும் உட்கார்ந்ததில்லை. குடிதண்ணீர்க் குழாய் திறந்து வைத்த அன்றுகூட, கடையிலிருந்து வரவழைத்த சோடாவைத்தான் குடித்தேன். நடந்து போகும்போதுதான் அது ஞாபகம் வந்தது. திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அவள் வாசலில் நாலு பேரோடு உட்கார்ந்து அவர்களுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளவில்லை. "வாங்க, உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. தாளை நீட்டி, "செல்வம் அனுப்பியிருக்கான். இவங்க பேரெல்லாம் போட்டுக் கப்பு கேக்கறான்" என்றேன். அவள் மடியிலிருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு தலைப்பிலிருந்து சத்தமாகப் படித்தாள். "காலனி மையம்" என்று நீ மேலே எழுதியிருக்கிறாயே, அங்கேயே நிறுத்தினாள்.

"அப்பிடீன்னா ஊருக்குன்னு வேற மையம் இருக்குதா?"

"ஸ்கூல்ல ஒண்ணு நடக்குதாம். அதுவும் அவன்தான் பாக்கறான்."

"அவுங்களுக்கும் கப்பு கேட்டுருக்குதா தம்பி?"

இந்த ஒரு கேள்வி மூன்று நாளாக எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அவள் இருபத்திரண்டு பெயரையும் நிதானமாகப் படித்து முடித்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"தம்பி பேரு எங்க இதுல?"

"அவன் பேரா? அவன்..."

"அது எதுல குடிக்கும்?" என்றாள். "அன்னிக்கும் ஒங்க பேரு போட்ட கப்பு இல்ல. எங்க பேரு எல்லாத்தயும் எழுத வச்சீங்க. எனுக்கு ஒங்க பேரு இன்னிக்கி வரைக்கும் எழுதத் தெரியாது. நீங்க சொல்லியே தரல."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு என் கோபமாவது துணைக்கு வந்திருக்கும். நான் அழுதேன். நாலு பேர் பார்க்க, அறுபதை நெருங்குகிறவள் மாதிரி மூக்கைச் சிந்திக்கொண்டு; எனக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லை. "தப்பு பண்ணிட்டேன் அஞ்சலை" என்றேன். அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதுவும் சரிதான். மனு எழுதிக்கொண்டிருந்த பேனாவை எடுத்து, உன் பட்டியலில் முதல் பெயருக்கு மேலே இருந்த இடத்தில் எழுதினாள். அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். 'செல்வம்' என்று இருக்கிறதே, அது அவள் கையெழுத்து.

கப்பு அனுப்பவில்லை. இரண்டு மையத்தையும் ஒன்றாகப் போட முடியுமா பார். முடியாது என்பார்கள், இடமில்லை என்பார்கள், பொம்பளைகள் வரமாட்டார்கள் என்பார்கள். தேர்தலில் நிற்கப் போகிறவன் இந்தச் சண்டையை இப்போதே போடாதே என்று உன் நல்லதுக்காகச் சொல்கிறவர்களும் வருவார்கள். தோற்றுப் போனாலும் போ. ஜெயித்து உட்கார்ந்த பிறகு ஸ்டூலை இழுத்துப் போடுகிற வித்தையை உன் அம்மா செய்து காட்டிவிட்டாள், அது போதும். நீ எதில் குடிக்கிறாய் என்பதை மட்டும் தினமும் பார்த்துக்கொள். யாராவது சண்டைக்கு வந்தால், உன் வாத்தியார்தனத்தை ஓரமாக வைத்துவிட்டு அவர்கள் சொல்வதைக் கேள். கேட்கும்போது பேப்பர் படிக்காதே.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். தாளை எழுதிக் கொடுத்துவிட்டு அஞ்சலை உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். அவளுடைய மருமகள் டீ கொண்டுவந்தாள், எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில். நானும் குடித்தேன். சர்க்கரை ஜாஸ்தி. குடித்துவிட்டு டம்ளரைக் கழுவலாம் என்று எழுந்தேன்; "வைங்க, அது கழுவும்" என்றாள் அஞ்சலை. அந்தப் பெண் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்த் தொட்டியடியில் கழுவி, வாசல் பலகையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். நான் புறப்பட்டு, "போயிட்டு வரேன்" என்றேன். "வாங்க" என்றாள் அஞ்சலை. எல்லோரும் எல்லோருக்கும் சொல்லுகிற வாங்கதான், அதற்குமேல் அதில் ஒன்றும் இருந்ததாக நான் நினைத்துக்கொள்ளக் கூடாது. தெருமுனையில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். ஆறு டம்ளர், வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. நான் குடித்தது எது என்று எனக்கே தெரியவில்லை.

அம்மா